இல்லாத வலையை இழுத்த கதை

ஒரு ஊர்ல ஒரு வலை இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, வலைதான். சிரிக்காதே. அந்த ஊருக்கு ராஜாவே அந்த வலைதான்னு வச்சுக்கோயேன். காலைல அது கடலுக்குள்ள போனாத்தான் மத்தியானம் ஊர்ல அடுப்பு எரியும். கண்ணை மூடிக்கிட்டே கேளு குட்டி. நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியணும்ல, அதுக்கு அப்பப்போ ஒரு 'ம்' போட்டா போதும்.

சரி. ஊரு பேரு நண்டுமுனை. பனைமரம், மணல், ஓலை வீடு. அதைத் தாண்டினா கடல். வடக்கால காளி கோயில், அதைச் சுத்தி இருக்கிறவங்க வடகரைக்காரங்க. தெக்கால பள்ளிவாசல், அதைச் சுத்தி இருக்கிறவங்க தென்கரைக்காரங்க. ரெண்டு கரைக்கும் நடுவுல என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. மணல்தான்.

இப்போ உன் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, என்னைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி வளைச்சுக்கோ. ஆங், அதான் கரைவலை. நீதான் கடல், நான் கரை. உன் கை ரெண்டும் வலையோட கை. உன் நெஞ்சுதான் மடி. மீனெல்லாம் கடைசியில அந்த மடிக்குள்ளதான் வந்து விழும். வலையோட ரெண்டு கையிலயும் நீளமா கயிறு கட்டியிருக்கும். வடக்குக் கயிறை வடகரைக்காரங்க இழுப்பாங்க. தெக்குக் கயிறை தென்கரைக்காரங்க இழுப்பாங்க. இழுக்க இழுக்க ரெண்டு கூட்டமும் மணல்ல கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து பக்கத்துல வரும். மடி கரையேறும்போது பார்த்தா தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கையைக் கீழ போடு, வலிக்கும்.

ஆனா ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கணும். ஒரு பக்கம் அவசரப்பட்டா வலை கோணிக்கும், மீனு சர்ருன்னு ஓடிரும். இவங்க எங்கயோ நிக்கிறாங்க, அவங்க எங்கயோ நிக்கிறாங்க. அப்போ எப்படி ஒண்ணுபோல இழுப்பாங்க? பாட்டுதான். வடகரைல நாகசாமின்னு ஒருத்தரு அடி எடுப்பாரு. தென்கரைல மீராசான்னு ஒருத்தரு பதில் சொல்வாரு.

"ஏலேலோ... மடி வருது!"

"ஏலோ... மலை போல வருது!"

"ஏலேலோ... மெல்ல இழு!"

"ஏலோ... சேர்ந்து இழு!"

"ஏலேலோ... கரை தெரியுது!"

"ஏலோ... கை வலிக்குது!"

நாகசாமி அடி எடுத்தா பனைமரத்துக் காக்கா எல்லாம் பறந்துரும். மீராசா பதில் சொன்னா போன காக்கா திரும்பி வந்து உக்காரும். அப்படித் தொண்டை ரெண்டு பேருக்கும்.

அந்தப் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு. பதில் வந்துருச்சுன்னா அடுத்த அடியை உடனே எடுக்கணும். எடுக்காம விட்டா கயிறு தளரும். கயிறு தளர்ந்தா மடி தூக்கிக்கும், அடியால மீனெல்லாம் போயிரும். அதனால இருமல் வந்தாக்கூட இருமிக்கிட்டே அடி எடுப்பாரு நாகசாமி.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், பின்னாடி வேணும். அந்தக் கடல்ல கரைக்குக் கிட்ட ரெண்டு பாறை உண்டு. அக்கா பாறை, தங்கச்சி பாறை. நடுவுல ஒரு படகு போற வழிதான். பனி விழுந்தா பாறையும் தெரியாது, வழியும் தெரியாது. அப்போ படகுல இருக்கிறவங்க காதைத்தான் நம்புவாங்க. ஒரு காதுல நாகசாமி குரல், இன்னொரு காதுல மீராசா குரல். ரெண்டும் சமமா கேட்டுச்சுன்னா வழி சரி. ஒண்ணு ஓங்கிக் கேட்டா பாறை கிட்ட வருதுன்னு அர்த்தம்.

ம் சொல்லு. ஆங்.

நாகசாமிக்கு ஒரு மகள். நம்புத்தாயின்னு பேரு. எல்லாரும் நம்புன்னு கூப்பிடுவாங்க. உன்னைவிட ஒரு சாண் உசரம் இருப்பா, அவ்வளவுதான். மீராசாவுக்கும் ஒரு மகள், மைமூன். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே மாதிரி முன்பல்லு விழுந்த வாயி.

மடி கரையேறினதும் பெரியவங்க யாரும் முதல்ல கை வைக்கமாட்டாங்க. வடகரைப் பிள்ளை ஒண்ணு, தென்கரைப் பிள்ளை ஒண்ணு, சேர்ந்து உள்ள கையை விட்டு ஒரு அள்ளு அள்ளணும். அது பிள்ளைங்க பங்கு. அந்த வருஷம் அள்ளினது நம்புவும் மைமூனும். சளக் புளக்னு துள்ளுற சாளை மீனைப் பாவாடையில முடிஞ்சுக்கிட்டு ஓடி, தேங்காமட்டையில தீ மூட்டிச் சுட்டுத் தின்பாங்க. நம்புவுக்குத் தலை பிடிக்கும். மைமூனுக்கு வாலு பிடிக்கும். கருகின வாலைக் கடக்கு முடக்குன்னு கடிப்பா. நடுவுல இருக்கிறதை ரெண்டு பேரும் பிச்சுக்குவாங்க. சண்டையே வராது.

அப்புறம் ஒரு கெட்ட காலம் வந்துச்சு. எங்கயோ தூரத்து டவுன்ல, இவங்க யாரும் பார்த்தேயிராத ஒரு தெருவுல, ரெண்டு கூட்டத்துக்குள்ள சண்டை. அந்தச் சண்டை பஸ் ஏறி ஊருக்கு வந்துச்சு. முதல்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்துச்சு. அப்புறம் தண்ணிக் குழாய்க்கிட்ட வந்து நின்னுச்சு. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போய்ப் பாயை விரிச்சுப் படுத்துக்கிச்சு.

அப்போ பார்த்து காளி கோயில் திருவிழா. வருஷா வருஷம் மேளம் பள்ளிவாசல் கிட்ட வந்ததும் கொஞ்சம் மெல்ல அடிக்கும். யாரும் சொல்லிவச்சு இல்ல, அப்படியே வந்த பழக்கம். அந்த வருஷம் ஒருத்தன், "ஏன் மெல்ல அடிக்கணும்?"னான். இன்னொருத்தன், "ஏன் மெல்ல அடிக்கலை?"ன்னான். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு கல்லு. விர்ர்ர்... டொக்! நாகசாமி நெத்தியில. ரத்தம் கண்ணுல வழிய அவரைத் தூக்கிட்டுப் போனாங்க. விடியறதுக்குள்ள யாரோ ஒருத்தன் மீராசா வீட்டுக் கூரையில தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டான். பாதிக் கூரை போச்சு.

கல்லு எறிஞ்சது யாரு? தெரியாது. தீ வச்சது யாரு? தெரியாது. தெரியாததால எதிர்க்கரைல இருந்த எல்லாரையும் சொன்னாங்க.

நாகசாமி மனசுல ஒண்ணு தங்கிருச்சு. "மீராசா அந்தக் கூட்டத்துல நின்னான். கல்லு வரும்போது ஒரு வார்த்தை கேக்கலை." மீராசா மனசுலயும் ஒண்ணு தங்கிருச்சு. "என் கூரை எரியும்போது நாகசாமி ஒரு குடம் தண்ணி கொண்டாரலை." மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கிட்ட ரெண்டு பேரும் 'அவன்', 'அவன்'னு ஆயிட்டாங்க.

அப்புறம் ரெண்டு கரைப் பெரியவங்களும் கடைசியா ஒரு தடவை கூடி உக்காந்தாங்க. எதுக்கு? பிரிக்கிறதுக்கு. முதல்ல சுடுகாட்டுப் பாதை, அப்புறம் கிணறு, அப்புறம் பனைமரம். எல்லாத்தையும் இது உனக்கு அது எனக்குன்னு பிரிச்சாச்சு. கடைசியா வலை.

"பாதி எங்களுக்கு."

"பாதி எங்களுக்கு."

கத்தியை எடுத்தாங்க. வலையை மணல்ல விரிச்சு, மடிக்கு நேர் நடுவுல வச்சு, கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்... கிழிச்சே போட்டாங்க. ஆமா, நிஜமாத்தான். பாதி வலையில பாதி மீனு வரும்னு அவ்வளவு பெரிய ஆளுங்க நினைச்சாங்க. நம்பு பனைமரத்துக்குப் பின்னால நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. எதிர்ல இன்னொரு பனைமரம், அதுக்குப் பின்னால மைமூன். கத்தி மடியைத் தாண்டும்போது நம்பு தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. ஏன்னு அவளுக்குத் தெரியலை.

அப்புறம் ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு ஒரு வேலி. இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை.

அன்னைக்கு ஆத்தா நம்புவோட கையைப் பிடிச்சுத் தன் தலைமேல வச்சுக்கிட்டா. "சத்தியம் பண்ணு. அந்தப் பிள்ளைகூட இனிமே பேசமாட்டேன்னு சொல்லு."

"ஏன் ஆத்தா?"

"உங்க ஐயா நெத்தியைப் பாரு. சொல்லு."

நம்பு சொன்னா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அது. சொன்னா சொன்னதுதான். மத்தியானம் ஆத்தா மீனு பொரிச்சுக் கொடுத்தா. நம்பு தலையைத் தின்னா, நடுவைத் தின்னா, வாலைத் தட்டு ஓரத்துல வச்சிட்டா.

"வாலை ஏன்டி வச்சிட்ட?"

"அது என்னோடது இல்ல."

ஆத்தா வாலைத் தூக்கிப் பூனைக்குப் போட்டா.

ம் சத்தத்தையே காணோமே? ஆங், சரி.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு சாயங்காலம் நம்பு வேலியோரமா சிப்பி பொறுக்கிக்கிட்டு இருந்தா. முள்ளுக்கு அந்தாண்ட ஒரு பச்சைப் பாவாடை தெரிஞ்சுச்சு. மைமூன்தான். ரெண்டு பேரும் நின்னாங்க. பார்த்தாங்க. நம்பு வாயைத் திறந்தா, மூடிக்கிட்டா. மைமூனும் அப்படித்தான், அவ உம்மாகிட்ட அவளும் சத்தியம் பண்ணியிருந்தா. அப்போ நம்புவுக்கு ஒண்ணு தோணுச்சு. பேசக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? பாடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே! திரும்பி நின்னுக்கிட்டு, கடலைப் பார்த்து மெல்ல எடுத்தா.

"ஏலேலோ... எங்க வீட்டுக் கோழி!"

மைமூனும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. அப்புறம்...

"ஏலோ... முட்டை போட்டுச்சா?"

"ஏலேலோ... கூரைமேல போட்டுச்சு!"

"ஏலோ... உருண்டு விழுந்துச்சா?"

"ஏலேலோ... ஐயா தலையில!"

மைமூனுக்குச் சிரிப்பு தாங்கலை. வாயைப் பொத்திக்கிட்டு மணல்ல உருண்டா. அன்னையில இருந்து தினமும் சாயங்காலம் அப்படித்தான். இவ கோழிச் சேதி சொல்லுவா, அவ ஆட்டுக்குட்டிச் சேதி சொல்லுவா. மைமூனுக்கு அடுத்த பல்லு விழுந்தது, நம்புவுக்குக் கால்ல ஆணி குத்தினது, எல்லாம் பாட்டாவே போச்சு, பாட்டாவே வந்துச்சு. பெரியவங்க கண்டுக்கலை, பிள்ளைங்க வலை விளையாட்டு விளையாடுதுன்னு நினைச்சாங்க. நாகசாமி மட்டும் ஒரு நாள் அந்தப் பக்கம் போனாரு. பாட்டைக் கேட்டதும் நின்னாரு. அவரு வலது கை தன்னால மூடிக்கிச்சு, கயிறைப் பிடிச்ச மாதிரி. பட்டுன்னு கையை உதறிட்டுப் போயிட்டாரு.

சரி, அந்தப் பாதி வலை என்ன ஆச்சு?

முதல்ல வடகரைக்காரங்க இறங்கினாங்க. பாதி மடியை மடக்கித் தைச்சு, வலையை விட்டாங்க. ஒரு கயிறு அவங்க கையில. இன்னொரு கயிறு? அதை ஒரு பனைமரத்துல கட்டினாங்க. "மரம் பிடிச்சுக்கும், நாம இழுப்போம்"னாங்க. இழுத்தாங்க, இழுத்தாங்க. மரம் நகருமா? இவங்க பக்கம் கிட்ட வருது, அந்தப் பக்கம் அங்கயே நிக்குது. வலை முறுக்கிக்கிட்டு வந்துச்சு. உள்ள ஒரு நண்டும் ஒரு செருப்பும். வேலிக்கு அந்தாண்ட ஒரே சிரிப்பு. "ஜோடி செருப்பை நாளைக்குப் பிடிப்பீங்களா?"

அப்புறம் தென்கரைக்காரங்க அவங்க பாதியை விட்டாங்க. அவங்க மரத்துல கட்டலை, தங்களையே ரெண்டு கூட்டமா பிரிச்சுக்கிட்டாங்க. ஆளு பத்தலை. ஒரு பக்கம் ஆம்பளைங்க, ஒரு பக்கம் கிழவனும் பிள்ளைகளும். அடி எடுக்க ஆள் இல்லாம மீராசாவே அடி எடுத்து, மீராசாவே பதிலும் சொன்னாரு. தானே கேட்டுத் தானே சொன்னா மூச்சு எப்படி நிக்கும்? பாதியில கயிறு தளர்ந்துச்சு, மடி தூக்கிக்கிச்சு, சர்ர்ர்... அத்தனை மீனும் போச்சு. இந்தப் பக்கம் சிரிச்சாங்க. "அடுத்த பாட்டு என்ன பாய்?"

மூணாவதா வடகரைக்காரங்க ஒரு டிராக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. டுபு டுபு டுபு... அதுக்குப் பாட்டு தெரியுமா, பதில் தெரியுமா? ஒரே இழுப்பு. டர்ர்ர்! வலை கிழிஞ்சு தொங்கிட்டு நின்னுச்சு. அன்னைக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கலை. சிரிக்கத் தெம்பு இல்ல. ரெண்டு கரையிலயும் மீனு இல்ல, அரிசி வாங்க வழி இல்ல, பிள்ளைங்களுக்குக் கஞ்சித்தண்ணி.

அப்புறம் தை மாசம். விடிகாலைப் பனி இருக்கே, பால் மாதிரி. நீட்டின கை தெரியாது. அப்படி ஒரு காலையில நம்பு முள்ளு பொறுக்க வந்தா, அடுப்புக்கு. வெளிச்சம் வந்துருச்சு, ஆனா வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியலை. அலைச் சத்தம் மட்டும். ஹோ... ஹோ... அப்போ வேலிக்கு அந்தாண்ட இருந்து வந்துச்சு.

"ஏலோ..."

நம்பு நின்னுட்டா. நான் அடியே எடுக்கலையே, பதில் மட்டும் எப்படி வருது?

"ஏலோ... வாப்பா கடல்ல!"

மைமூன் குரல்தான். ஆனா குரல்ல அழுகை.

"ஏலோ... வழி தெரியலை!"

நம்புவுக்குப் புரிஞ்சுபோச்சு. வீட்டுல ஒரு பிடி அரிசி இல்லாம மீராசா தனியா சின்னப் படகை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. பனி இறங்கிருச்சு. தென்கரை ஆளுங்க எல்லாம் தண்ணியோரம் நின்னு குரல் கொடுக்கிறாங்க. ஆனா ஒரு பக்கத்துக் குரலை வச்சு அவரு என்ன பண்ணுவாரு? அந்தக் குரலை நோக்கி வந்தா தங்கச்சி பாறை. விலகிப் போனா அக்கா பாறை. இன்னொரு காதுக்கு ஒண்ணுமே இல்லையே.

டங்!

கடலுக்குள்ள இருந்து ஒரு சத்தம். படகு பாறையில முட்டுற சத்தம்.

நம்பு முள்ளைக் கீழ போட்டா. வடகரை மணலுக்கு ஓடினா, எப்பவும் ஐயா நிக்கிற இடத்துக்கு. நின்னு வாயைத் திறந்தா. வரலை. கயிறு கையில இல்லாம அந்தப் பாட்டு பெருசா வராது, உடம்பு சாய்ஞ்சாத்தான் மூச்சு வரும். பார்த்தா, அந்தப் பனைமரத்துல கட்டின கயிறு அப்படியே கிடக்கு. அவுக்கவே இல்ல யாரும். அதை எடுத்து, தோள்ல போட்டு, காலை மணல்ல ஊனி, சாய்ஞ்சா.

"ஏலேலோ... மடி வருது!"

வேலிக்கு அந்தாண்ட இருந்து பதில் வந்துச்சு. மைமூன்தான் முதல்ல.

"ஏலோ... மலை போல வருது!"

சத்தம் கேட்டு வடகரைல ஆளுங்க ஓடி வந்தாங்க. நாகசாமியும் வந்தாரு. "நம்பு! என்ன பண்ற நீ?"

"மீராசா மாமா கடல்ல இருக்காங்க ஐயா. பாறையில முட்டிருச்சு."

நாகசாமி கை நெத்திக்குப் போச்சு. காயம் ஆறித் தழும்பு ஆகியிருந்துச்சு. தடவிப் பார்த்தாரு. "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ. ஆத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்க."

"நான் பேசலையே ஐயா. வலைதானே இழுக்கிறேன்."

"எங்கடி இருக்கு வலை?"

நம்புவுக்கு நின்னு பேச நேரம் இல்ல.  மறுபடியும் சாய்ஞ்சா. கயிறு மரத்தை முறுக்குச்சு, கிர்ர்ர்.

"ஏலேலோ... மெல்ல இழு!"

சின்னப்பிள்ளைத் தொண்டைதானே குட்டி. எவ்வளவு தூரம் போகும்? அலைக்கு மேல ஏறி, பனிக்குள்ள புகுந்து, மெலிஞ்சு மெலிஞ்சு போச்சு. எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னாங்க. ஹோ... ஹோ... அலை. அப்புறம், ரொம்ப தூரத்துல, கடலுக்குள்ள இருந்து, தண்ணி குடிச்ச தொண்டையில...

"ஏலோ... சேர்ந்து இழு!"

மீராசா! எத்தனை வருஷப் பழக்கம். அடி காதுல விழுந்ததும் தன்னால பதில் சொல்லிட்டாரு.

நம்பு அடுத்த அடியை எடுக்கணும். வாயைத் திறந்தா. அந்தக் குரலைக் கேட்டதும் பொங்கி வந்த அழுகை தொண்டையை அடைச்சிருச்சு. சத்தம் வரலை. இழுக்கிறா, இழுக்கிறா, மூச்சுதான் வருது.

பதில் வந்துருச்சு. அடி வரலை. கரை முழுக்க ஒரே அமைதி. அங்க நின்ன ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளங்கையில கயிறு தளருற மாதிரி இருந்துச்சு. கயிறே இல்லாத கையில. மடி தூக்கிக்குது, எல்லாம் அடியால போகப்போகுது...

"ஏலேலோ... கரை தெரியுது!"

பனைமரத்துக் காக்கா எல்லாம் கா கான்னு பறந்துச்சு.

யாரு? நாகசாமியேதான். அவரு பாடணும்னு நினைக்கலை, மன்னிக்கணும்னு நினைக்கலை. வாய் திறந்துருச்சு. திறந்தப்புறம் மூடத் தெரியலை. மகளுக்குப் பின்னால வந்து அந்தக் கயிறைப் பிடிச்சுச் சாய்ஞ்சாரு.

கடலுக்குள்ள இருந்து, "ஏலோ... கை வலிக்குது!" நிஜமாவே வலிச்சிருக்கும் பாவம். ராவோட ராவா துடுப்புப் போட்ட கை.

அப்புறம் வடகரைல ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கயிறைப் பிடிச்சாங்க. எல்லாரும் இல்ல. சிலர் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. வந்தவங்க இழுத்தாங்க. வேலிக்கு அந்தாண்ட தென்கரைக்காரங்களும் எதையோ பிடிச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. வலை இல்ல, மீனு இல்ல. ரெண்டு கரையும் ஒண்ணும் இல்லாததைச் சேர்ந்து இழுக்குது.

"ஏலேலோ!"

"ஏலோ!"

"ஏலேலோ!"

"ஏலோ!"

பனிக்குள்ள ஒரு கறுப்பு தெரிஞ்சுச்சு. அக்கா பாறையைத் தாண்டி, தங்கச்சி பாறையைத் தாண்டி, ரெண்டுக்கும் சரியா நடுவுல. ஒரு அலை அந்தப் படகைத் தூக்கி, சடசடசடன்னு கொண்டாந்து எங்க போட்டுச்சு தெரியுமா? நேரா முள்ளுவேலி மேல! ரெண்டு குரலும் சமமா கேக்குற இடம் அதுதானே. வேலி முறிஞ்சு தண்ணிக்குள்ள சாய்ஞ்சிருச்சு. படகுல இருந்து உடம்பெல்லாம் நனைஞ்சு, நடுங்கிக்கிட்டு மீராசா இறங்கினாரு. மைமூன் ஓடி வந்து அவரு இடுப்பைக் கட்டிக்கிட்டா.

நாகசாமி கயிறை விட்டுட்டு வந்தாரு. ரெண்டு பேரும் முறிஞ்ச முள்ளுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்னாங்க.

"இந்தப் பனியில எவனாவது ஒத்தையா கடலுக்குப் போவானா? கூறு இருக்காடா உனக்கு?"

"ரெண்டு பேரு போற படகுதான் மச்சான். நீ வந்தியா?"

நாகசாமி காலால முள்ளை ஒதுக்கினாரு. மீராசா மெல்லக் கேட்டாரு. "நெத்தி ஆறிருச்சா?"

"ஆறிருச்சு. தழும்பு போகாதாம். கூரை?"

"பாதி வேய்ஞ்சிருக்கேன். ஓலை பத்தலை."

"எங்க பக்கம் ஓலை கிடக்கு. வந்து எடுத்துக்கோ." அப்புறம் அவரே, "நானே கொண்டாரேன்"னாரு.

அவ்வளவுதான் பேசினாங்க. கட்டிப்பிடிச்சு அழல்லாம் இல்ல.

நம்பு அங்கயே நின்னுக்கிட்டு இருந்தா. மைமூன் எதிர்ல. ஒரு எட்டு வச்சா போதும், ஆனா வாயைத் திறக்கலை. ஆத்தா கூட்டத்துல இருந்து வந்தா. நம்புவோட கையைப் பிடிச்சா, கயிறு அறுத்துச் செவந்து கிடந்த கை. அதைத் தூக்கித் தன் தலைமேல வச்சா. "எடுத்துக்கோ"ன்னா. "அன்னைக்கு வச்சதை எடுத்துக்கோ."

நம்பு கையை எடுத்தா. அந்தப் பக்கம் மைமூனோட உம்மாவும் 'பேசு'ன்னு தலையை ஆட்டினா. மைமூன் முதல் வார்த்தை என்ன கேட்டா தெரியுமா? "இத்தனை நாளா வாலையெல்லாம் என்னடி பண்ணின?"

"பூனைக்குப் போட்டாச்சு."

"அப்போ அது கொழுத்திருக்குமே!"

அப்புறம் வலையைச் சேர்த்தாங்க. சுலபமா நடக்கலை. 'நான் அவன்கூடக் கயிறு பிடிக்கமாட்டேன்'னு ரெண்டு கரையிலயும் சொன்னவங்க இருந்தாங்க, கடைசி வரைக்கும் வராதவங்களும் இருந்தாங்க. வந்தவங்க போதும்னு வச்சுக்கிட்டு நாகசாமி ஒரு பக்கம், மீராசா ஒரு பக்கம் உக்காந்து, டிராக்டர் கிழிச்சதையும் சேர்த்து மடியைத் தைச்சாங்க. நம்புவும் மைமூனும் வலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தைச்சு முடிச்சுத் தூக்கிப் பார்த்தா தையல்ல ஒரு இடத்துல சின்னதா ஒரு ஓட்டை. "இங்க தைச்சேனே!"ன்னாரு மீராசா. நாகசாமி பிள்ளைங்க ரெண்டு பேரையும் பார்த்தாரு. ரெண்டும் வானத்தைப் பார்த்துச்சு. "கிடக்கட்டும் விடு"ன்னாரு.

அதுக்கப்புறம் எப்போ வலை கரையேறினாலும் அந்த ஓட்டை வழியா சாளை மீனு பொல பொலன்னு மணல்ல சிந்தும். அதுல தலை நம்புவுக்கு, வாலு மைமூனுக்கு. நடுவுல இருக்கிறதைத் தின்ன இன்னும் நிறையப் பிள்ளைங்க வந்துருச்சு, ரெண்டு கரையில இருந்தும்.

வேலியைப் பிடுங்கிட்டாங்க. ஆனா முள்ளு மணலுக்குள்ள நொறுங்கிக் கிடந்துச்சு. ரொம்ப நாளைக்கு ஓடுற கால்ல நறுக்குன்னு குத்தும். அப்போ ரெண்டு பேரும் ஈர மணல்ல உக்காந்துக்குவாங்க. இவ காலை அவ மடியில வச்சு, அவ காலை இவ மடியில வச்சு, ஒருத்தி முள்ளை ஒருத்தி எடுத்துவிடுவா. எடுத்ததைக் கடல்ல போடாம, மத்த பிள்ளைங்க மிதிக்காத இடமா பார்த்துக் குழி தோண்டிப் புதைப்பாங்க.

ம் சொல்லு.

ம் இல்லையா? ஏலேலோ...

சரி சரி. கதை கரையேறிருச்சு குட்டி. கயிறை விட்டுட்டுத் தூங்கு.